அப்படியேதான் இருக்கா

இந்தப் படிக்கட்டில் வைத்தே சொல்லிவிடலாம். ஏறுகிறவளுக்கு மூச்சு வாங்கும், கத்த முடியாது, கத்தினாலும் தமிழ் தெரிந்த ஒரு ஆளும் இங்கே இல்லை. கொன்சி எனக்கு மூன்று படி முன்னால் ஏறுகிறாள். என் தங்கை. கொன்செப்தா என்று ஞானஸ்நானப் பெயர், வீட்டில் கொன்சி. பன்னிரண்டு வருஷம் கழித்து இன்று காலை பத்து மணிக்குத்தான் அவளை நேரில் பார்த்தேன், இஞ்சியோன் ரயில் நிலைய வாசலில். கறுப்புக் கோட்டும் வெள்ளை ஷூவுமாக, கொரியக்காரிகளுக்கு நடுவில் இன்னொரு கொரியக்காரி மாதிரி நின்றாள். கட்டிப்பிடிக்க வந்தவள் பாதியில் கையை இறக்கிக்கொண்டு, "அம்மா எப்படிக்கா இருக்கா?" என்றாள். "அப்படியேதான் இருக்கா" என்றேன். அம்மா இறந்து நான்கு மாதமும் ஒன்பது நாளும் ஆகிறது. யோசிக்காமல் வாயில் வந்துவிட்டது. நான்கு மாதமாக ஞாயிற்றுக்கிழமைதோறும் வாட்ஸப்பில் அவள் அதையே கேட்க, நான் அதையே தட்டி அனுப்பி, விரலுக்குப் பழகினது நாக்குக்கும் பழகிவிட்டது போல. நேரில் சொல்வதற்குத்தான் காத்திருக்கிறேன் என்று இத்தனை நாளும் என்னிடமே சொல்லிக்கொண்டிருந்தேன். நான் வேலை பார்க்கிற கண்டெய்னர் டெப்போவில் புது சாஃப்ட்வேர் வருகிறது, பயிற்சிக்கு யாராவது ஒருத்தர் நாலு நாள் கொரியாவுக்குப் போக வேண்டும் என்றபோது நானே கேட்டு வாங்கிக்கொண்டு வந்தேன். பயிற்சி நேற்றோடு முடிந்தது. நாளை காலை விமானம். இன்று ஒரு நாள்தான். எங்கே வைத்துச் சொன்னால் அவளுக்கு அதிகமாக வலிக்கும் என்று பத்து மணியிலிருந்து இடம் தேடிக்கொண்டிருக்கிறேன். ஆமாம், அப்படித்தான். நல்ல எண்ணத்தோடு நான் வரவில்லை.

"இங்க பாருக்கா" என்று திரும்புகிறாள். படிக்கட்டின் நடுவே செடி, இரண்டு பக்கமும் வரிசையாகக் கல் விளக்குகள். "இடது பக்கம் சீனாக்காரன் விளக்கு, வலது பக்கம் ஜப்பான்காரன் விளக்கு. நூத்து நாப்பது வருஷத்துக்கு முன்னால துறைமுகம் திறந்தப்ப ஆளுக்கொரு பங்கு பிரிச்சுக்கிட்டானுவ. இந்தப் படிதான் எல்லை." அப்போ கொரியாக்காரன் எங்கே இருந்தான் என்று கேட்க நினைத்தேன், கேட்கவில்லை. கேட்டால் சந்தோஷப்படுவாள். ஊர் சுற்றிக் காட்டுகிற சந்தோஷம். முகம் பளபளவென்று இருக்கிறது, நாற்பது வயசில் எனக்கு இப்படி இருந்ததா? எனக்கு நாற்பத்தேழு. நாற்பது வயசில் நான் தூத்துக்குடியில் அதே வீட்டில், கணவன் வீட்டிலிருந்து திரும்பி வந்து பதினாலு வருஷமான ஒருத்தியாக, காலையில் எழுந்து குழாயடியில் நின்றுகொண்டிருந்தேன். இவளுக்காவது எல்லாம் ஒழுங்காக நடக்க வேண்டும் என்றுதான் அப்பா மணப்பாட்டில் மாப்பிள்ளை பார்த்தார். கோவிலில் கல்யாண அறிவிப்பு ஓலை இரண்டு ஞாயிறு வாசித்தாகிவிட்டது. மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை வாசிப்பதற்குள் இவள் சென்னையில் கொரியாக்காரனோடு ரிஜிஸ்டர் ஆபீசில் நிற்கிறாள். கூட வேலை பார்த்த மின்சோக். அன்று பூசைக்குப் போனது நான். சாமியார் வாசிக்காமல் விட்ட இடத்தில் கோவில் முழுக்கத் திரும்பிப் பார்த்தது என்னைத்தான். "உனக்குத் தெரியாம இருக்குமா?" என்று அப்பா கேட்டார். சத்தியமாகத் தெரியாது என்றேன். நம்பாமலே இரண்டு வருஷம் இருந்து நம்பாமலே செத்தார். அதை இவளிடம் சொல்ல வேண்டும். அதையும் இதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். எதை முதலில்? படி முடிந்துவிட்டது. மேலே ஒரு சீன ஞானியின் கல் சிலை கடலைப் பார்த்து நிற்கிறது. அவளுக்கு மூச்சே வாங்கவில்லை, எனக்குத்தான் வாங்குகிறது. கைப்பையைத் தோள் மாற்றிக்கொள்கிறேன். குளிர் காதுக்குள் போகிறது. அக்டோபர் என்றார்கள், சால்வை போதும் என்று வந்தேன். "என் மப்ளரைப் போட்டுக்கோ" என்று கழற்றுகிறாள். "வேண்டாம்." "போடுக்கா." "வேண்டாம்னு சொல்லுதேன்லா."

குன்றின் மேல் பூங்கா. யாரோ அமெரிக்கத் தளபதிக்கு சிலை, அதன் கீழே தொப்பி போட்ட கிழவர்கள், கீழே துறைமுகம். கிரேன்களைப் பார்த்ததும் மனசு ஒரு நிமிஷம் சமாதானமாகிறது. கிரேன் எங்கேயும் கிரேன்தான். அடுக்கியிருக்கிற பெட்டிகளைக் கண் தானாக எண்ணுகிறது, ஐந்து வரிசை, ஆறு, நாற்பதடிப் பெட்டி, இருபதடிப் பெட்டி. அம்மா உயிரோடு இருந்த கடைசி வாரத்தில்கூட நான் டெப்போவுக்கு மூன்று நாள் போனேன். பகலில் வேலைக்கு வரும் குருசம்மாள் பார்த்துக்கொண்டாள். போகாமல் இருந்திருக்கலாம். போகாமல் இருந்திருந்தால் அம்மாவின் காதருகே போன் இன்னும் அதிகமாக அடித்திருக்கும். வேண்டாம், அங்கே போகாதே. "இப்ப நம்ம ஊர்ல எட்டு மணியிருக்கும், என்னக்கா?" என்கிறாள் கொன்சி, தடுப்புக் கம்பியில் சாய்ந்துகொண்டு. "ம்." "அம்மா முழிச்சிருப்பா." நான் கிரேனைப் பார்க்கிறேன். "ஒரு வீடியோ கால் போடுவமா? குருசம்மாக்கா போன்ல. நாம ரெண்டு பேரும் ஒண்ணா நிக்கத அம்மா பாத்ததே இல்லல்லா, பன்னிரண்டு வருஷமா." கையில் போன் தயாராக இருக்கிறது. குருசம்மாள் நம்பர் இவளிடம் இருக்கிறதா? யார் கொடுத்தது? குருசம்மாள் இப்போது பிரையண்ட் நகரில் வேறொரு வீட்டுக்கு வேலைக்குப் போகிறாள், போனை எடுத்தால் முதல் வார்த்தையிலேயே, அம்மா போய் நாலு மாசமாச்சே தாயி என்று ஒப்பாரி வைப்பாள். "இப்ப வேண்டாம்" என்கிறேன். "உடம்பு துடைக்கிற நேரம்." குரல் சாதாரணமாகத்தான் வந்தது. "ஓ" என்கிறாள். போனைக் கோட்டுக்குள் போடுகிறாள். உடனே போட்டுவிட்டாள். இன்னும் கொஞ்சம் வற்புறுத்தியிருக்க வேண்டாமா ஒரு மகள்? பார்த்தாயா, அவ்வளவுதான் இவள் பாசம் என்று எனக்குக் கோபம் வருகிறது. தப்பித்த அதே மூச்சில் கோபம். இரண்டும் ஒன்றாக வர முடியும் என்பது எனக்கு இந்த நாலு மாதத்தில் பழகிப்போனது.

மத்தியானம் சீனத் தெருவில். சிவப்புத் தூண், சிவப்புப் பலகை, சிவப்பு விளக்கு, கண் கூசுகிறது. கறுப்புக் குழம்பு ஊற்றின நூடுல்ஸ் கொண்டுவந்து வைத்தார்கள். எனக்கு முன்னால் இருந்த கிண்ணத்தை அவளே இழுத்து இரண்டு குச்சியாலும் கிளறி, குழம்பு எல்லாம் ஒட்டும்படி புரட்டி, என் பக்கம் தள்ளுகிறாள். "இப்படித்தான்க்கா சாப்பிடணும்." எனக்கு யாரும் சாப்பாடு பிசைந்து தந்து எத்தனை வருஷம். அந்தக் கிண்ணத்தை அவள் மேல் கொட்டலாம் போல் இருந்தது. "அம்மா என்ன சாப்பிடுதா இப்ப?" என்றாள், தன் கிண்ணத்தைப் பார்த்தபடி. "ஜவ்வரிசிக் கஞ்சி." "இனிப்பு போட்டா, உப்பு போட்டா?" "உப்பு." "முந்தி இனிப்புதானே கேப்பா." "சுகர் ஏறுதுன்னு நிப்பாட்டியாச்சு." எவ்வளவு சுலபமாக வருகிறது. ஜவ்வரிசி, உப்பு, சுகர். செத்தவளுக்குக் கஞ்சி காய்ச்சிக்கொண்டிருக்கிறேன். ஸ்பூனைப் பல்லில் படாமல் எப்படிச் சாய்க்க வேண்டும், வலது பக்கம் விளங்காததால் இடது கடைவாயில் விட வேண்டும், விழுங்கினாளா என்று தொண்டையைத் தொட்டுப் பார்க்க வேண்டும் என்பதெல்லாம் கைக்குத் தெரியும். இரண்டு வருஷம் தெரியும். பக்கவாதம் வந்த நாளிலிருந்து நாலு மணிக்கு எழுந்து துணி மாற்றி, புண் வராமல் புரட்டிப் போட்டு, பவுடர் தடவி. அம்மாவிடம் போன் கிடையாது. ஞாயிற்றுக்கிழமை என் போனில்தான் இவள் கூப்பிடுவாள். திரையில் இவள் முகம் வந்ததும் அம்மாவின் இடது பக்க வாய் அப்படியே மேலே இழுக்கும். சிரிப்பு. ஏழு நாளும் மூத்திரத் துணி அலசுகிறவளைப் பார்த்து ஒரு நாளும் இழுக்காத வாய். ஐந்து நிமிஷம் திரையில் வந்துவிட்டுப் போகிறவளுக்கு இழுக்கும். போனைப் பிடித்துக்கொண்டு நிற்பது நான். கை வலித்தாலும் இறக்கக்கூடாது, அம்மா முறைப்பாள். பிறகு நான் கொஞ்சம் கொஞ்சமாக, அம்மா தூங்குதா, அம்மாவுக்குச் சளி, நெட் இல்ல, என்று தட்டிக்கழித்தேன். ஞாயிறுதோறும் வந்த கால் மாதம் ஒன்றானது. பிறகு அதுவும் இல்லை.

அடுத்த தெருவுக்குள் நுழைந்ததும் நிறம் மாறிவிடுகிறது. சிவப்பு இல்லை, எல்லாம் பழுப்பு மரம், தாழ்ந்த கூரை, சின்னச் சின்ன ஜன்னல் சட்டம். ஜப்பான்காரர்கள் இருந்த தெரு. "எல்லாம் பழசா?" என்று கேட்டுவிட்டேன், பேசாமலே வருவது சந்தேகம் தரும் என்று. கொன்சி சிரிக்கிறாள். "இது பாதி ஏமாத்து. சாதா கட்டடம், முன்னால பலகை அடிச்சுப் பழசு மாதிரி ஆக்கியிருக்கு. அந்தா, அந்தக் கல் கட்டடம் பாத்தியா, பேங்கா இருந்தது, அதுதான் நிசமாவே பழசு." நடைபாதை முழுக்க மஞ்சள் இலை. அதோடு ஒரு நாற்றம், வாந்தி மாதிரி, என் செருப்பிலிருந்தா என்று குனிந்து பார்க்கிறேன். "அந்த மரத்துக் காய்க்கா. மிதிச்சா அப்படித்தான் நாறும், இந்த மாசம் முழுக்க." இவ்வளவு அழகாக மஞ்சளாக நிற்கிற மரம். மிதிக்காமல் நடக்கப் பார்த்தால் ஊர் முழுக்கக் கிடக்கிறது. எனக்கு அம்மா அறையின் வாசனை. ஊதுவத்தி, டெட்டால், அதற்குக் கீழே அது. கடைசி வாரம் டெட்டாலுக்கும் அடங்கவில்லை. திங்கள், செவ்வாய், புதன், வியாழன். அந்த நாலு நாளில்தான் இவள் பதினோரு தடவை கூப்பிட்டாள். எப்படித் தெரிந்ததோ, எதுவும் தெரியாமலே ஏதோ உறுத்தியிருக்கும். +82 என்று ஆரம்பிக்கிற நம்பர். மேஜை மேல் போன் அடிக்க அடிக்க, அம்மாவின் கண் கட்டிலிலிருந்து மேஜைக்குப் போகிறது. "யாருட்டி?" குழறலாகத்தான் வரும், எனக்கு மட்டும் புரியும். "சிம் கம்பெனிக்காரன்" என்றேன். அடுத்த தடவையும், "கம்பெனிக்காரன்தாம்மா". புதன்கிழமை அம்மா ஒரே ஒரு வார்த்தை... அதை நினைக்க வேண்டாம். இங்கே வேண்டாம். காய் காலுக்குக் கீழே நசுங்குகிறது. "என்னக்கா, கால் வலிக்கா?" "ஒண்ணுமில்ல, நட."

சின்போ சந்தை. கூரை போட்ட நீளச் சந்து, இரண்டு பக்கமும் கடை, பெரிய பெரிய இரும்புச் சட்டியில் கோழித் துண்டுகளைச் சிவப்புப் பாகில் போட்டுப் புரட்டுகிறார்கள். வரிசையில் நிற்கிறோம். கடைக்காரி அறுபது வயசிருக்கும், முழங்கை வரை ரப்பர் கையுறை, கொன்சியைப் பார்த்ததும் சத்தம் போட்டு என்னவோ கேட்கிறாள். கொன்சி அதே சத்தத்தில் பதில் சொல்கிறாள். எங்கள் வீட்டில் மூச்சுவிடாத பெண், கொரிய பாஷையில் இவ்வளவு உரக்கப் பேசுகிறாள். பேச்சில் ஒரு வார்த்தை மட்டும் திரும்பத் திரும்ப வருகிறது, ஒன்னி, ஒன்னி. "என்னது அது?" "ஒன்னின்னா அக்கா. இது யாருன்னு கேட்டா, எங்க அக்கான்னு சொன்னேன். ரெண்டு பேருக்கும் ஒரே மூக்காம்." கடைக்காரி குச்சியில் ஒரு துண்டைக் குத்தி என் முகத்துக்கு நேராக நீட்டுகிறாள். "ஒன்னி!" வாங்கிக்கொண்டேன். சுடச்சுட இனிப்பும் காரமும், பல் கூசுகிறது. அந்த மூக்கு அம்மாவின் மூக்கு. பெட்டியில் வைத்தபோது பஞ்சு அடைத்திருந்த மூக்கு. இவளிடம் இப்போது சொல்லலாம், கடைக்காரி முன்னால், வரிசையில் நிற்கிற இத்தனை பேர் முன்னால், சாமியார் வாசிக்காமல் விட்ட இடத்தில் நான் நின்ற மாதிரி இவளும் நிற்கட்டும், எல்லாரும் திரும்பிப் பார்க்கட்டும். வாயைத் திறந்தேன். "காரம் ஜாஸ்தி" என்றேன். கொன்சி தண்ணீர் பாட்டிலைத் திறந்து நீட்டுகிறாள். ஏன் இவ்வளவு நல்லவளாக இருக்கிறாள்? காலையிலிருந்து ஒரு கேள்வி கோபமாகக் கேட்கவில்லை. ஏன் போனே எடுக்க மாட்டேங்குத, ஏன் அம்மா முகத்தைக் காட்ட மாட்டேங்குத, ஒன்றும் இல்லை. நான்கு மாதமாக வீடியோ வேண்டும் என்றுகூடக் கேட்கவில்லை, இன்று குன்றின் மேல் கேட்டதைத் தவிர. நிம்மதி என்று நினைத்தேன். இப்போது அது முதுகில் ஊர்கிறது.

சந்தையைத் தாண்டி மேட்டில் செங்கல் கோவில். மூன்று கோபுரம். வருகிறாயா என்று அவள் கேட்கவில்லை, நேராக ஏறிப்போனாள், நானும் பின்னால். உள்ளே யாரும் இல்லை, வண்ணக் கண்ணாடி வழியாகத் தரையில் நீலம். முட்டி போட்டாள். நான் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தேன். இங்கேதான். மாதா முன்னால். இதைவிட நல்ல இடம் கிடையாது, கெட்ட இடமும் கிடையாது. எங்கள் ஊர்க் கோவிலில் அம்மாவின் பெட்டி நடுவழியில் இருந்தது, தலைமாட்டில் நான். குவைத்தில் இருக்கிற சித்தப்பா வர முடியவில்லை, அதனால் ஸ்டுடியோக்காரனை வைத்து லைவ் போடச் சொன்னோம். கொன்சிக்குச் சொல்லியாச்சா என்று சித்தப்பா போனில் கேட்டார். சொல்லியாச்சு, அவளால வர முடியாதாம் என்றேன். ஏன் சொன்னேன்? இவளைப் பழிவாங்கவா? அது பாதி. மீதிப் பாதி, அந்தச் சாவு என்னுடையது. இரண்டு வருஷம் நான் சுமந்தது, நான் கழுவினது. அதில் வந்து அழுவதற்கு இவளுக்குப் பங்கு கிடையாது என்று நினைத்தேன். சாமியார் தூபம் காட்டும்போது மடியில் கைப்பைக்குள் போன் அதிர்ந்தது. எடுத்துப் பார்த்தேன். +82. பன்னிரண்டாவது தடவை. திரும்பப் பைக்குள் வைத்து ஜிப்பை இழுத்துவிட்டேன். பக்கத்தில் யாரும் கவனிக்கவில்லை, எல்லாரும் குனிந்திருந்தார்கள். அது ஒன்று மட்டும் யாருக்கும் தெரியாது, எனக்கும் அந்தப் பைக்கும் தெரியும். கொன்சி எழுந்துவிட்டாள். இவ்வளவு நேரமா ஜெபம்? கண் காய்ந்துதான் இருக்கிறது. "போவமா? புது ஊரையும் பாத்துருவோம்" என்கிறாள்.

ரயிலில் அரை மணி நேரத்துக்கு மேல், நடுவில் இறங்கி வேறு வண்டி மாறினோம். எதிர் பெஞ்சில் எல்லாரும் போனைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். ஒரு கிழவி மட்டும் என் சேலையைக் கரை வரை பார்க்கிறாள், பார்க்கட்டும். கொன்சி அவள் மகள் படத்தைக் காட்டுகிறாள். ஆரின், ஒன்பது வயசு, பல் விழுந்த சிரிப்பு. "நாலஞ்சு தமிழ் வார்த்தை பேசுவா. அம்மாச்சின்னு சொல்லுவா." நான் தலையை ஆட்டினேன். அந்தப் பிள்ளையின் சிரிப்பு ஒரு பக்கமாகத்தான் இழுக்கிறது. எனக்குப் பயமாக இருந்தது. வெளியே ஏறி வந்தால் வேறு நாடு. கண்ணாடிக் கட்டடங்கள், அறுபது மாடியோ எழுபதோ, கழுத்து வலிக்கும் வரை கண்ணாடி. தெரு ஒவ்வொன்றும் எங்கள் ஊர் உப்பளம் அகலம், ஆளே இல்லை. காற்று மட்டும். நடுவில் கடல் தண்ணீரை வாய்க்காலாக விட்டு, அதில் பொம்மை மாதிரிப் படகு. "இது முழுக்க கடலா இருந்துச்சுக்கா" என்கிறாள். "சேத்துக் கடல். மின்சோக் சின்னப் பிள்ளையில இங்கதான் சிப்பி பொறுக்குவாராம். மண்ணைக் கொட்டி மூடிட்டாங்க." காலடியில் பூமி இல்லை என்பது போல் எனக்குக் கால் கூசுகிறது. பழைய தெருக்களிலாவது ஒளிந்துகொள்ள மூலை இருந்தது. இங்கே எங்கே திரும்பினாலும் கண்ணாடியில் நாங்கள் இரண்டு பேரும் தெரிகிறோம், கோட்டு ஒன்று, சேலை ஒன்று. மணி நாலரை. இனி இடம் இல்லை. வாய்க்கால் ஓரத்துக் கல் பெஞ்சில் அவள் உட்கார்ந்தாள். நான் நின்றேன். "கொன்சி" என்றேன். "அம்மா..."

"அம்மா எப்படிக்கா இருக்கா?" என்றாள்.

அதே கேள்வி, ஆனால் குரல் வேறு. நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். காலையிலிருந்து முதல் தடவையாக நேராகப் பார்க்கிறாள். "சொல்லு. காலையில இருந்து இது அஞ்சாவது தடவை கேக்கேன். வாட்ஸப்ல கேட்டது பதினெட்டு வாரம். இன்னைக்காவது நீ நேர்ல நின்னு என் மூஞ்சியப் பாத்துச் சொல்லுவேன்னு நெனச்சேன். என்ன கஞ்சி குடிக்கான்னு கேட்டா ஜவ்வரிசின்னு சொல்லுத. செத்துப்போனவளுக்கு ஜவ்வரிசி." "உனக்கு யாரு..." "ஹாஸ்டல்ல கூட இருந்த ஜாக்குலின் லிங்க் அனுப்பினா. ஆழ்ந்த அனுதாபங்கள்னு போட்டு. எனக்கு என்னன்னே புரியல. திறந்து பாத்தா அம்மா பெட்டில இருக்கா. நான் ஆபீஸ் கக்கூஸ்ல நின்னு பாத்தேன் அக்கா. ஒன்றரை மணி நேரம். லைவ்." வாய்க்காலில் படகு போகிறது, உள்ளே யாரோ சிரிக்கிறார்கள். "பாத்துக்கிட்டே உனக்குப் போன் பண்ணேன். இன்னொரு போன்ல, அதே ஆபீஸ்ல இருக்க மின்சோக் போனை வாங்கிப் பாத்துக்கிட்டு, என் போன்ல உன்னைக் கூப்பிட்டேன். கொஞ்சம் லேட்டாத்தான் படம் வருது. இங்க ரிங் போய் முடிஞ்சிருச்சு. அதுக்கப்புறம் படத்துல நீ பையைத் திறந்த. போனை எடுத்த. பாத்த. திருப்பி வச்ச. ஜிப்பை இழுத்த."

நான் உட்கார்ந்துவிட்டேன். கல் சில்லென்று இருந்தது. எனக்கும் பைக்கும் தெரிந்த ஒன்று. அதை இவள் நாலாயிரம் மைலுக்கு அந்தப் பக்கம் ஒரு கழிப்பறையில் நின்று பார்த்திருக்கிறாள். இத்தனை நாளும் கத்தியை நான் வைத்திருப்பதாக நினைத்துக்கொண்டு, எங்கே குத்தலாம் எங்கே குத்தலாம் என்று ஊர் முழுக்கச் சுற்றியிருக்கிறேன். "பின்ன ஏன்டி கேட்ட, ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை?" என்று எனக்குக் குரல் உயர்கிறது. கோபம்தான் கிடைத்தது, வேறு எதுவும் கைக்கு அகப்படவில்லை. "தெரிஞ்சுக்கிட்டே ஏன் கேட்ட?" "நீ எத்தனை நாள் சொல்லாம இருப்பேன்னு பாக்க" என்றாள். "உன்னை மாதிரி எனக்கும் வெறுக்கத் தெரியும்." ஒரு பெண் நாயைப் பிடித்துக்கொண்டு எங்களைத் தாண்டிப் போனாள், எங்களைப் பார்த்துவிட்டு நாயின் கயிற்றைக் குறுக்கினாள்.

எழுந்து போய்விடலாம். ஹோட்டல் பெயர் எழுதின அட்டை பையில் இருக்கிறது, டாக்சிக்காரனிடம் நீட்டினால் போதும். காலையில் விமானம், அப்புறம் ஆயுசுக்கும் இவள் முகத்தில் முழிக்க வேண்டியதில்லை. இவளுக்கு எல்லாம் தெரிந்துவிட்டது. இல்லை, எல்லாம் தெரியாது. அந்தப் புதன்கிழமை இவளுக்குத் தெரியாது. லைவில் புதன்கிழமை இல்லை. சொல்லாமல் போனால் ஒருத்தருக்கும் தெரியாமலே என்னோடு முடிந்துபோகும். முடியுமா? நாலு மாதமாக முடியவில்லையே. டெப்போவில் பக்கத்து மேஜையில் யார் போன் அடித்தாலும் நான் கட்டிலைத் திரும்பிப் பார்க்கிறேன், கட்டிலே அங்கே இல்லை. "கொன்சி" என்றேன். "போன் சத்தம் அம்மாவுக்குக் கேட்டுச்சு." "நீ கூப்பிட்டது எல்லாம். நான் வீட்ல இருந்தப்ப அடிச்சது எல்லாமே. யாருட்டின்னு கேட்டா. சிம் கம்பெனிக்காரன்னு சொன்னேன். நம்பல. அவளுக்குத் தெரிஞ்சுபோச்சு நீதான்னு. புதன்கிழமை சாயங்காலம் அடிக்கும்போது, எடு அப்படின்னா. அது மட்டும் குழறல. எடு. தெளிவாச் சொன்னா. நான் போனைக் கொண்டுபோய் பீரோக்குள்ள துணிக்கு அடியில வச்சிட்டு வந்தேன்." சொல்லி முடித்ததும் காற்று நின்றுவிட்டது போல் இருந்தது. நிற்கவில்லை, என் காதுதான் அடைத்துக்கொண்டது.

கொன்சி இரண்டு கையாலும் பெஞ்சின் விளிம்பைப் பிடித்திருந்தாள். அடிக்கப்போகிறாள் என்று நினைத்தேன், அடித்தால் நல்லது என்றும். "எடுன்னா" என்றாள், என்னிடம் இல்லை, தண்ணீரிடம். பிறகு, "அதுக்கப்புறம்?" "அதுக்கப்புறம் பேசல. சுவத்துப் பக்கம் திரும்பிக்கிட்டா. வியாழக்கிழமை பதினோரு மணிக்கு..." எனக்கு அழுகை உடைந்து வந்தது. அம்மா செத்த அன்று வராதது, பெட்டியை இறக்கும்போது வராதது. "அழாத" என்றாள் கொன்சி. பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னாள். "நீ அழுதன்னா நான் எந்திச்சுப் போயிருவேன். நீ அழுகதைப் பாக்க நான் வரல. திங்கக்கிழமையில இருந்து சொல்லு. அந்த நாலு நாளு. யாரு வந்தா, என்ன சேலை கட்டியிருந்தா, எந்தப் பக்கமா படுத்திருந்தா, எல்லாம் எனக்கு வேணும். சொல்லி முடி. முடிச்சதும் உன்னை ஹோட்டல்ல விட்டுட்டுப் போயிருவேன். அதுக்கப்புறம் எனக்கு அக்கா கிடையாது." சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தேன். மூக்கைச் சிந்தினேன். எங்கே தொடங்குவது என்று தேட வேண்டியிருக்கவில்லை, எல்லாம் வரிசையாக நின்றுகொண்டிருந்தது.

"திங்கக்கிழமை விடியக்காலம் அஞ்சு மணிக்கே முழிச்சிட்டா" என்கிறேன். "ஜன்னலைத் திறக்கச் சொன்னா."

"வாயால சொன்னாளா, கையைக் காட்டினாளா?"

"கையைக் காட்டினா" என்கிறேன். "இடது கை. மெதுவாத்தான் தூக்குனா."